பழுது பார்க்கக் கூடாத இயந்திரம்

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு வீட்டுத் திண்ணையில் அதை முதலில் பார்த்தபோது, காப்பிக்கொட்டை அரைக்கும் கருவி என்றுதான் நினைத்தேன். கனத்த வார்ப்பிரும்பு உடல், ஒரு முழ நீளக் கைப்பிடி, நடுவில் மேலும் கீழும் போய்வர ஒரு தண்டு. உடம்பெல்லாம் துரு. ஒரு தகர ட்ரேயில் மண்ணெண்ணெய் ஊற்றி அதில் ஊறப் போட்டிருந்தார் வீட்டுக்காரர். எழுபதைத் தாண்டியவர். கோலார் தங்க வயலின் சுரங்கப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர்.

"இது தோட்டா அடிக்கிற பிரஸ் தம்பி" என்றார். "எங்க மாமா ஒரு துரை பங்களாவுல வேலை பார்த்தாரு. துரை ஊருக்குப் போறப்ப கொடுத்துட்டுப் போனதாம். அத்தனை வருஷமும் பரண்லயே கிடந்துச்சு."

துப்பாக்கி சுட்டதும் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், கேப்பு செத்துவிடும். மிஞ்சுவது பித்தளை உறை. தோட்டாவில் விலை கூடிய பகுதியும் அதுதான். வெடித்த வேகத்தில் அது சற்று உப்பியிருக்கும். அதை 'டை' என்கிற அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, செத்த கேப்பைத் தள்ளிவிட்டுப் புதியதைப் பொருத்தி, அளந்து மருந்து போட்டு, மேலே குண்டைச் செருகினால் மறுபடியும் தோட்டா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பித்தளைத் தோட்டா பரவியபோதே, கடைக்கு வெகு தூரத்தில் இருந்த வேட்டைக்காரர்கள் இந்த வேலையைத் தாங்களே செய்துகொள்ளத் தொடங்கிவிட்டார்கள்.

ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் தங்க வயலுக்கு வந்தது. துரைமார்கள், கிளப்புகள், வேட்டைத் துப்பாக்கிகள் எல்லாம் பின்னோடு வந்தன. இந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு துணைப்படைப் பிரிவும் இருந்தது. அந்த ஊரின் பரணில் இப்படியொரு பிரஸ் கிடந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆச்சரியம் பெரியவரின் கைகளில் இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது என்றார். தேய்த்தால் துருவோடு இரும்பும் போகும். தண்டு ஆட்டம் காணும். தண்டும் டையும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் உறை கோணலாக வெளியே வரும். எனவே ஊறவைத்து, பித்தளை பிரஷ்ஷால் மெல்லத் துடைத்து, மறுபடி ஊறவைக்கிறார். மூன்று வாரமாக இதே வேலை. "கைப்பிடி இப்பத்தான் அசையுது" என்றார், குழந்தைக்குப் பல் முளைத்ததைச் சொல்வது போல.

பிறகுதான் என்னை வரவழைத்த காரியத்தைச் சொன்னார். "இதை வெச்சிருக்கலாமா? நீங்க மொழிபெயர்ப்புக்காரரு. சட்டத்துல என்ன போட்டிருக்குன்னு தமிழ்ல சொல்லுங்க."

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தைப் படித்துச் சொன்னேன். எந்தச் சட்டத்திலும் சொற்களுக்குப் பொருள் சொல்லும் பகுதியை அவசரமாகத் தாண்டிவிடுவோம். இங்கே விஷயமே அதில்தான் இருக்கிறது. 'தோட்டா முதலான வெடிபொருள்' என்றால் என்ன என்று விளக்கும் 2ஆம் பிரிவு, அவற்றின் பாகங்களையும் அவற்றைத் தயாரிக்கும் இயந்திரங்களையும் சேர்த்துக்கொள்கிறது. அதாவது, ஒரு சிட்டிகை மருந்துகூட இல்லாத இந்த இரும்புத் துண்டும் சட்டத்தின் கண்ணில் தோட்டாதான். உரிமம் இல்லாமல் வைத்திருப்பது 3ஆம் பிரிவின்படி குற்றம். 5ஆம் பிரிவு இன்னொரு படி மேலே போகிறது. உரிமம் இல்லாமல் செய்யக் கூடாதவற்றின் பட்டியலில் தயாரிப்பு, விற்பனை ஆகியவற்றோடு 'பழுது பார்த்தல்' என்ற சொல்லும் இருக்கிறது.

பெரியவர் ட்ரேயைப் பார்த்தார். "துருவை எடுக்குறது பழுது பாக்குறதா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பழையதாகி, பழுது பார்த்தாலும் சுட முடியாத ஆயுதத்துக்கு 45ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. ஆனால் அங்கே இயந்திரத்தைப் பற்றிப் பேச்சில்லை. தவிர, இவர் கைப்பட்டால் இது ஓடும் என்பதுதானே பிரச்சினை!

சட்டத்தின் நியாயத்தை மறுக்க முடியாது. உரிமம் பெற்றவருக்கு இத்தனை தோட்டா என்று கணக்கு வைக்கிறது அரசு. வீட்டுத் திண்ணையில் தோட்டா பிறந்தால் அந்தக் கணக்குக்கு அர்த்தமில்லை. பெரியவரும் அதை ஒப்புக்கொண்டார். அவருக்குத் தோட்டா வேண்டியதில்லை; வேலைதான் வேண்டும்.

1902இல் சிவசமுத்திரத்திலிருந்து 140 கிலோமீட்டருக்கும் மேல் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்த ஊர் இது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்துக்கு ஆட்களை இறக்கி ஏற்றிய இயந்திரங்களின் நட்டும் போல்ட்டும் இவரைப் போன்றவர்களின் பொறுப்பில் இருந்தன. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. பம்புகள் நின்றன, சுரங்கங்களில் நீர் ஏறியது. பழகிய கைகள் அப்படியே இருந்தன.

"ரிப்பேர் பண்ண வேண்டிய மிஷினு எங்க ஊர்ல எவ்வளவோ கிடந்துச்சு. எங்களை யாரும் கூப்பிடலை" என்றார். "கையில கிடைச்சது இது ஒண்ணு. இதைத் தொடக் கூடாதுங்கறீங்க."

பழைய தொழில் இயந்திரங்களைக் காப்பது பற்றிப் பேசும்போது கட்டடத்தையும் கண்ணாடிப் பெட்டியையும் பற்றி மட்டுமே நாம் பேசுகிறோம். இயந்திரத்தை ஓட்டத் தெரிந்தவரைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க முடியாது. அவர் இருக்கும்போதே அவரிடம் வேலை கொடுத்து, பக்கத்தில் ஒரு இளைஞனை உட்கார வைக்க வேண்டும்.

காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியிடம் ஒப்படைக்க 21ஆம் பிரிவு வழி சொல்கிறது. பெரியவர் பிரஸ்ஸை எடுத்துத் துடைத்து, எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றினார். மனு எழுதுவது என் வேலை. 'துருப்பிடித்த பழைய இயந்திரம் ஒன்று' என்று தொடங்கினேன்.

"துருப்பிடித்ததுன்னு போடாதீங்க தம்பி" என்றார். "அதைத்தான் எடுத்தாச்சே."

'பழைய' என்பதை மட்டும் வைத்துக்கொண்டேன்.