கொறங்காட்டுப் புல்லுக்கு ஒரு துணை

காங்கயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் வட்டாரத்தில் கிளுவை வேலிக்குள் கிடக்கும் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் புல் ஏன் முன்போல் எழும்புவதில்லை என்று கேட்டால் உடனே வரும் விடை, மழை இல்லை என்பதுதான். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டியே மழை காணும் பூமியில் அந்த விடையைத் தள்ளிவிட முடியாது. ஆனால், நன்றாக மழை பெய்த ஆண்டிலும் பழைய காட்டின் கொழுக்கட்டைப்புல் தண்டு மெலிந்து, வெளிறி, சீக்கிரமே முற்றிவிடுமானால் குறை வானத்தில் மட்டும் இல்லை. அது மண்ணில் புல்லுக்குக் கிடைக்கும் தழைச்சத்தின் (நைட்ரஜனின்) குறை. அதைத் தீர்க்கப் பயறு வகைத் தீவனச் செடிகளைப் புல்லுக்குள்ளேயே குடியேற்றுவதைவிட நீடித்த வழி மானாவாரி மேய்ச்சல் நிலத்துக்கு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

தழைச்சத்துதான் குறை என்பதற்கு வலுவான சான்று ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. குயின்ஸ்லாந்து மாநிலத்தின் மாட்டுத் தொழிலைத் தாங்கி நிற்பதும் கொழுக்கட்டைப்புல்தான். அங்கே அதன் பெயர் பஃபல். பிரிகலோ என்னும் வேல மரக் காடுகளை 1960களில் அரசுத் திட்டமாகவே அழித்து, அந்த நிலங்களில் இந்தப் புல்லை விதைத்தார்கள். முதல் சில ஆண்டுகள் புல் கொழித்தது. பிறகு, மழை குறையாமலே, விளைச்சல் பாதி வரைக்கும் இறங்கியது. மண்ணை ஆராய்ந்தபோது தழைச்சத்து எங்கும் போய்விடவில்லை என்று தெரிந்தது. பழைய வேரிலும் தூரிலும் சருகிலும் அது கட்டுண்டு கிடந்தது. தழைச்சத்து குறைந்த அந்தக் குப்பையை மக்கவைக்கும் நுண்ணுயிர்களே, விடுபடும் கொஞ்சத்தையும் தம் பங்காக எடுத்துக்கொள்கின்றன. குதிரில் நெல் இருந்தும் வீட்டில் உலை கொதிக்காத நிலை இது. நம் கொறங்காடுகளில் உழவு ஓட்டிச் சோளமும் கொள்ளும் விதைத்து எடுத்து, மறுபடி புல்லுக்கு விடும் பழைய வழக்கத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உழவு கட்டுண்ட சத்தை அவிழ்த்தது. கொள்ளு காற்றிலிருந்து கொஞ்சம் சேர்த்தது. உழவு மட்டும் ஓட்டினால் பலன் ஓரிரு பருவத்துக்குத்தான்.

பயறுச் செடி இந்தப் பூட்டைச் சுற்றிக்கொண்டு போகிறது. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். வேர் முடிச்சில் வாழும் ரைசோபியம் அதைச் செடிக்குச் சத்தாக்கித் தருகிறது. ஒரு டன் உலர் தீவனம் விளையும்போது ஏறக்குறைய 20 கிலோ தழைச்சத்து இப்படிச் சேரும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பதும் அவ்வளவுதான். அப்படியானால் மானிய விலையில் 270 ரூபாய்க்குள் கிடைக்கும் மூட்டையையே வாங்கிப் போடலாமே என்று கேட்பது நியாயம். மானாவாரி நிலத்தில் மேலே தூவிய யூரியா, தொடர்ந்து மழை கிடைக்காவிட்டால் அமோனியாவாகிக் காற்றோடு போகும். ஆண்டுதோறும் போட்டாக வேண்டும். செடி சேர்த்த 20 கிலோவும் உடனே புல்லுக்குப் போய்விடாது என்பதும் உண்மையே. உதிரும் இலை, அழுகும் வேர், சாணம், மூத்திரம் வழியாகத்தான் மெல்லப் போய்ச் சேரும். ஆனால் மூட்டை தராத ஒன்றைச் செடி தருகிறது. கோடையில் காய்ந்த புல்லின் புரதம் 7 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் சோர்ந்து, மாடு தின்னும் அளவே குறைந்துவிடுகிறது. எதிரே புல் கிடந்தும் மாடு இளைக்கும். அந்த மாதங்களில் பயறுச் செடியின் பச்சை இலை கொஞ்சம் சேர்ந்தாலே காய்ந்த புல்லும் செரிக்கத் தொடங்கும்.

மேய்ச்சல் காட்டில் பயறுச் செடி நிலைக்காது என்ற மறுப்பு அனுபவத்திலிருந்து வருவது. அதை மதிக்க வேண்டும். நரிப்பயறும் செப்பு நெருஞ்சியும் கொறங்காட்டுக்கு அந்நியமல்ல. ருசியான செடியை ஆடு முதலில் கடித்துவிடுவதால்தான், ஓய்வில்லாத காட்டில் அவை விதை விட முடிவதில்லை. புதிதாக விதைப்பவை பெரும்பாலும் தோற்பது முதல் பருவத்திலேயே: அடர்ந்த புல்லின் நடுவே தூவிய விதை முளைத்தாலும் ஈரத்துக்குப் புல்லோடு போட்டியிட முடியாது. எனவே, பட்டை பட்டையாக உழுது விதைக்க வேண்டும். கடினத் தோல் உள்ள விதையை 80 டிகிரி வெந்நீரில் சில நிமிடம் இட்டு எடுக்க வேண்டும், ஏற்ற ரைசோபியம் கலக்க வேண்டும், மணிச்சத்து குறைந்த மண்ணாக இருந்தால் அதையும் இட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, செடி விதை உதிர்க்கும்வரை மேய்ச்சலை நிறுத்த வேண்டும். செம்மண் சரளைக்கு முயல் மசால் பொருந்தும். கனத்த மண்ணுக்கு வேலி மசாலும் சங்குப்பூவும்.

ஒரே செடியை நம்புவது ஆபத்து. வட ஆஸ்திரேலியாவில் பரந்து கிடந்த டவுன்ஸ்வில் முயல் மசாலை 1970களில் ஆந்த்ரக்னோஸ் என்னும் பூஞ்சை நோய் ஏறக்குறைய துடைத்தே எடுத்தது. நோய் தாங்கும் வேறு இனங்களோடுதான் அங்கே மறுபடி தொடங்க முடிந்தது. பயறுக் குடும்பத் தீவன மரமான சூபாபுல்லின் இலையில் மைமோசின் என்ற நஞ்சு உண்டு. அதை முறிக்கும் நுண்ணுயிரை 1980களில் ஹவாய் ஆடுகளின் வயிற்றிலிருந்து எடுத்து வந்து மாடுகளுக்குக் கொடுத்த பிறகே ஆஸ்திரேலியாவில் அந்த மரத்தை அச்சமின்றி மேய்க்க முடிந்தது. சீமைக் கருவேலமும் பயறுக் குடும்பம்தான் என்பதை நாம் மறக்கக் கூடாது. பயறு என்பதாலேயே ஒரு செடி நிலத்துக்கு நல்லதாகிவிடாது. கட்டுக்குள் நிற்பதா, மாடு தின்பதா, புல்லை வாழவிடுவதா என்று பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

உண்மையான முட்டுக்கட்டை வேறிடத்தில் இருக்கிறது. பல கொறங்காடுகள் ஆண்டுக் குத்தகைக்கு விடப்படுகின்றன. ஒரே ஆண்டுக்கு எடுத்தவர், இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பின் பலன் தரும் செடிக்காக ஒரு பருவ மேய்ச்சலை விட்டுக்கொடுக்க மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அரசு கம்பு நேப்பியர் என்னும் தீவனப்புல்லின் கரணை கொடுப்பது கிணறு உள்ளவருக்கு உதவும். மானாவாரி மேய்ச்சலுக்கு அந்த உதவி எட்டாது. ஐந்தாண்டுக்குக் குறையாமல் குத்தகை எழுதிக்கொடுக்கும் நிலக்காரருக்கு விதையும் ரைசோபியமும் இலவசம், காட்டை ஓய்வில் விடும் முதல் பருவத்துக்கு மாடு வைத்திருப்பவருக்கு உலர் தீவனம் என்று கால்நடைத் துறை ஒரு திட்டம் வகுத்தால், அதற்கு ஆகும் செலவு வறட்சி ஆண்டுகளில் அவசரமாக வைக்கோல் வாங்கி விநியோகிக்கும் செலவைவிடப் பயனுள்ளதாக இருக்கும்.