இடி முழங்கிய பின்னும் ஆட்டமா?

உதைபந்தாட்டத்தை நிறுத்தவும், இடைநிறுத்தவும், அறவே கைவிடவும் ஆட்ட விதிகளின் 5 ஆம் விதி மத்தியஸ்தருக்கே அதிகாரம் அளிக்கின்றது. ஏட்டிலுள்ள இவ்வதிகாரம் மைதானத்திலே படும் பாட்டை நாம் அறிவோம். பிரதம விருந்தினர் மாலையுடன் வீற்றிருக்கின்றார், நுழைவுச்சீட்டுப் பணம் பெட்டியில் விழுந்துவிட்டது, ஒலிபெருக்கி ஓயவில்லை. இத்தனைக்கும் எதிராக விசில் ஊதும் பொறுப்பை ஒரு தனிமனிதர் தலையில் சுமத்திவிட்டுச் சுற்றுப்போட்டி நடத்துவோர் பந்தலின் கீழ் அமர்ந்திருப்பது நீதியாகுமா?

சேற்றைக் குறித்து நாம் அதிகம் பேசவில்லை. நம் இளைஞர் சேற்றில் ஆடி வளர்ந்தவர்களே. நீர் தேங்கிய மைதானத்தைக் காலையிலேயே பார்த்து ஒத்திவைப்பை அறிவித்தால், தொலைவிலிருந்து வருவோருக்குப் பஸ் பணமாவது மிஞ்சும். மின்னலோ உயிரைக் கேட்கின்றது.

2024 பெப்ரவரியில் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் ஆடிக்கொண்டிருந்த வீரர் ஒருவர் மின்னல் தாக்கி மாண்டார். அதே ஆண்டு நவம்பரில் பெரு நாட்டின் சில்காவில் மத்தியஸ்தர் ஆட்டத்தை நிறுத்தியே விட்டார்; வீரர்கள் வெளியேறி நடக்கையில் மின்னல் விழுந்து ஒருவர் உயிர் போயிற்று. விசில் ஒலித்தது உண்மை. காலங் கடந்து ஒலித்தது என்பதும் உண்மை.

இலங்கையில் இடிமின்னல் மிகுவது மார்ச், ஏப்பிரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலுமாகும். அதுவும் பெரும்பாலும் பிற்பகலிலே. நம் கழகங்கள் ஆட்டம் வைப்பதும் பிற்பகலிலேதான்!

ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீற்றர் செல்லும். மின்னலைக் கண்டு 30 வினாடிக்குள் இடி கேட்டால், அது சுமார் 10 கிலோமீற்றருக்குள் நிற்கின்றது. அக்கணமே ஆட்டக்காரரும் பார்வையாளரும் கட்டடத்துள் புகவேண்டும். மரத்தடியும் துணிப்பந்தலும் புகலிடமாகா. கடைசி இடி ஓய்ந்து 30 நிமிடங் கழியும்வரை எவரும் திரும்பலாகாது. இதற்குக் கைக்கடிகாரம் ஒன்றே போதும். வயலில் நிற்கும் கமக்காரன் இடி கேட்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கரையேறுகின்றான். பட்டதாரிகளும் உத்தியோகத்தரும் நிறைந்த போட்டிக்குழுவினருக்கு அவ்வறிவு எங்கே போயிற்று?

ஒத்திவைத்தால் போட்டியே குலைந்துவிடும் என்பார் உளர். 1963 ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் இங்கிலாந்தின் எப். ஏ. கிண்ண மூன்றாஞ் சுற்று முடிய 66 நாட்கள் சென்றன. ஒத்திவைப்புகள் மட்டும் 261. கிண்ணம் கரைந்துவிடவில்லை. மே 25 ஆந் திகதி இறுதியாட்டம் முறைப்படி நடந்தேறியது.

ஆகவே கழகங்களை நாம் கேட்பது இதுதான். 30 வினாடி, 30 நிமிட விதியைப் போட்டி நிபந்தனைகளில் எழுத்தில் இடச் செய்யுங்கள். மத்தியஸ்தரின் முடிவை மேடையிலிருந்து எவரும் மாற்றலாகாதெனவும், நின்ற ஆட்டத்தின் நுழைவுச்சீட்டு மறு ஆட்டத்துக்குச் செல்லுமெனவும் அதனுடன் சேருங்கள். இவற்றுக்குக் கையொப்பமிட மறுக்கும் எச்சுற்றுப்போட்டிக்கும் உங்கள் பிள்ளைகளின் பெயரைக் கொடாதீர்கள்.