இலக்கத்தகட்டையும் கொஞ்சம் வாசியுங்கோ

கலியாண வீட்டு வாசலில பூச்சோடிச்ச ஒரு ஒஸ்ரின் ஏ-40 வந்து நிண்டால், பொம்பிளை மாப்பிளையை விட்டிட்டு எல்லாரும் காரைத்தான் படமெடுப்பம். அதில பிழையில்லை. படத்துக்குக் கீழ எழுதுற வரிதான் பிழை: "வெள்ளைக்காரன் காலத்துக் கார்."

ஏ-40 சோமசெற் 1952இலிருந்து 1954 வரை செய்யப்பட்ட கார். மொறிஸ் மைனர் வெளிவந்தது 1948 ஒக்டோபரில். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் 1954இல். இலங்கை சுதந்திரமடைந்தது 1948 பெப்ரவரியில். சோமசெற்றுக்கு முந்தின டெவன் மட்டும் 1947இல் வந்தது. மற்றதெல்லாம் வெள்ளைக்காரன் கொடியை இறக்கின பிறகு வந்தவை.

"நாலைஞ்சு வருசம்தானே, இதில என்ன கிடக்கு?" எண்டு கேப்பியள். கிடக்கு. இந்தக் கார்கள் எங்கட ரோட்டில இவ்வளவு காலம் நிண்டது பழசில இருந்த காதலால இல்லை. அறுபதுகளிலயும், பிறகு 1977 வரையும் இருந்த இறக்குமதிக் கட்டுப்பாட்டால புதுக் கார் வாங்கிறது லேசான காரியமாய் இருக்கேல்லை. இருந்ததைத் திருத்தித் திருத்தி ஓடிச்சினம்.

இலக்கத்தகட்டுக்கு வருவம். 1953இல் பதிஞ்ச காருக்கு ஆங்கில எழுத்துத்தான் இருந்திருக்கும். சிங்கள 'ஸ்ரீ' வந்தது 1957இல். தமிழரசுக் கட்சி அதை எதிர்த்துப் போராடினது. தமிழில 'ஸ்ரீ' எழுதி வாகனம் ஓடிச்சினம். 1958இல் வடக்கில சிங்கள எழுத்துக்குத் தார், தெற்கில தமிழ் எழுத்துக்குத் தார். மே மாதம் கலவரம். இப்ப ஒருத்தர் வடிவுக்கெண்டு 1953 காருக்கு 'ஸ்ரீ' தகடு கொழுவினால், அவர் சோடிக்கேல்லை, அழிக்கிறார்.

அடுத்தது மண்ணெண்ணெய்க் கதை. 1990இல் சண்டை திரும்பத் தொடங்க, பொருளாதாரத் தடையில பெற்றோல் அரிதாகினது. கார்கள் மண்ணெண்ணெயில ஓடினது. இதைச் சொல்லேக்க ரெண்டு பிழை விடுகினம். ஒண்டு, ராங்கிக்குள்ள ஊத்தினவுடன ஓடினது எண்டுறது. குளிர்ந்த எஞ்சினில மண்ணெண்ணெய் ஆவியாகாது. காபரேற்றருக்குச் சில சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறின பிறகுதான் மண்ணெண்ணெய் எடுபடும். ஏ-40 மாதிரிப் பழைய எஞ்சினுகளின்ர அமுக்க விகிதம் ஏழுக்கு ஒண்டு அளவில. அதாலதான் மட்டமான எரிபொருளையும் தாங்கினது. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலோட கலந்து எஞ்சினைத் தின்னும். அந்தச் செலவும் கதையில வரவேணும்.

மற்றப் பிழை, உலகத்தில நாங்கள்தான் கண்டுபிடிச்சம் எண்டு பீத்திறது. இங்கிலாந்தில ஃபேர்கசன் உழவு இயந்திரத்தை இதே முறையில, பெற்றோலில தொடங்கி மலிவான எண்ணெயில ஓடுற மாதிரி, கொம்பனியே செய்து வித்தது. எங்கட மெக்கானிக்மாரின்ர திறமை வேற இடத்தில இருக்கு: அதுக்கெண்டு செய்யாத எஞ்சினை, பாட்ஸ் இல்லாத காலத்தில ஓட வைச்சவை.

அமெரிக்காவில 1964 பொன்ரியாக் ஜிரிஓ மாதிரி மசில் கார் வைச்சிருக்கிறவை எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் பொருந்துதோ எண்டு பாத்து அடிபடுவினம். கொம்பனியை விட்டு வெளிக்கிட்ட நாளில இருந்த மாதிரியே இருக்கவேணும் எண்டது அவையின்ர கணக்கு. அதை அப்பிடியே இங்க கொண்டுவந்தால், தடைக்காலத்தில பூட்டின குழாயும் கைவேலைத் திருத்தமும் 'பிழை' ஆகிப் பழைய இரும்புக்குப் போகும். எங்களுக்கு அதுதான் சரியான விபரம்.

புதுக்குடியிருப்பில இருந்து இதை எழுதுறதுக்குக் காரணம் இருக்கு. 2009இல் சனம் விட்டிட்டுப் போன வாகனங்கள் இந்தப் பக்கம் மலையாய்க் குவிஞ்சு கறல் பிடிச்சுக் கிடந்தது. பிறகு பழைய இரும்பாய்ப் போச்சு. எந்த வாகனம் ஆற்ற, எங்கயிருந்து ஆரை ஏத்திக்கொண்டு வந்தது எண்டு ஒரு பதிவும் இல்லாமல் போச்சு. தப்பின கொஞ்சக் கார்களையும் மினுக்கிப் பொய்க்கதை சொல்ல ஏலாது.

பெயின்ற் அடிக்க முதல் படமெடுங்கோ. கழட்டினதை எறியாதேங்கோ. அந்தக் காரைத் திருத்தின ஐயா உயிரோட இருந்தால் போய்க் கேட்டு எழுதுங்கோ. அவையும் எண்பதைத் தாண்டுகினம்.