சாம்பலை வாரிய பிறகு விறகு

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பரணில் பழைய மடிக்கணினி ஒன்று தூங்குகிறதா? கூடவே துறுதுறுவென்று ஒரு பிள்ளையும் இருக்கிறானா? அப்படியானால் நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

புதுவையிலிருந்து கடலூர் போகும் சாலையில் அரியாங்குப்பம் இருக்கிறதல்லவா? அங்கே அண்ணி வீட்டுக்குப் போயிருந்தேன். காலமான அண்ணாவின் மடிக்கணினியை அவர் மகன் பிரித்துப் போட்டிருந்தான். 2004-ல் வாங்கிய பெண்டியம்-எம் ரகம்.

"அத்தை, இந்தச் சில்லு நொடிக்கு 160 கோடி தடவை துடிக்கிறது. இந்த இரண்டு துளைகளை மெல்லிய கம்பியால் இணைத்தால் 213 கோடி!" என்றான்.

அவன் சொன்னது கதையல்ல. சில்லுக்கு அடிப்படைத் தாளம் 10 கோடி. அதைப் பதினாறால் பெருக்கி அது ஓடுகிறது. கம்பி அந்தத் தாளத்தை 13.3 கோடியாக்கிவிடும். பலர் செய்து பார்த்த வித்தைதான்.

"அப்பா எழுதின கடிதமெல்லாம் அதிலேதானேடா இருக்கு!" என்று அண்ணி கலங்கினாள்.

அவள் பயமும் நியாயமே. வேகம் கூடினால் சூடும் கூடும். மின்னழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்கு ஏற்றினால், சூடு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறும். எல்லை மீறினால் சில்லு கணக்குத் தவறும். சேமித்த எழுத்தும் கெடலாம். இப்படி அவசரப்பட்டு ஒரு கணினியை இழந்தவள் நான்!

"முதலில் கடிதங்களை நகல் எடு. பிறகு விசிறியைப் பார்" என்றேன்.

பார்த்தான். வெப்பத் தகடுகளின் இடுக்கில் பஞ்சு பஞ்சாகத் தூசி. சில்லின்மேல் தடவிய பசை காய்ந்து பொடிந்திருந்தது. சூடு வெளியேற வழியில்லாமல், சில்லு தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது! தூசியைத் துடைத்தான், புதுப் பசை தடவினான். கம்பியில்லாமலே கணினி சுறுசுறுப்பாயிற்று.

ஆசை விடுமா? கம்பியையும் வைத்துப் பார்த்தான். காலையில் பறந்தது, மத்தியான வெயிலில் அப்படியே உறைந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கம்பியை எடுத்துவிட்டான்.

அன்று மாலை அண்ணி ஒரு கடிதத்தைத் திறந்து வெகுநேரம் படித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் வாசலுக்கு வந்துவிட்டோம்.

அடுப்பு மங்கினால் நாம் என்ன செய்கிறோம்? சாம்பலை வாரிவிட்டுத்தானே விறகு வைக்கிறோம்? பிள்ளையைத் தடுக்காதீர்கள், சகோதரிகளே. வரிசையை மட்டும் சொல்லிக் கொடுங்கள். முதலில் நகல், அடுத்துத் தூசி, வேகம் கடைசியில்.