படிவத்தில் இல்லாத கேள்வி



அமெரிக்க அரசின் 2023-ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்றைப் படித்தேன். ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால், பேறுகாலத்தில் இறக்கும் வெள்ளையினத் தாய்மார் 14.5 பேர்; கறுப்பினத் தாய்மார் 50.3 பேர். மூன்று மடங்குக்கும் மேல். மருந்துக்கோ கருவிக்கோ குறைவில்லாத நாட்டில் இந்த நிலை.

ஏழைகள், படிக்காதவர்கள், அதனால்தான் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்ணுக்கு உள்ள ஆபத்து, பள்ளிப் படிப்பை முடிக்காத வெள்ளையினப் பெண்ணுக்கு உள்ளதைவிட அதிகம் என்று அந்த அரசின் ஆய்வே சொல்கிறது.

இந்த வித்தியாசத்தைக் குறைக்க ஆராய்ச்சி செய்பவர்கள், அந்தப் பெண்களையும் அவர்களுடைய சங்கங்களையும் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற கருத்து அங்கே வலுத்து வருகிறது. "விஞ்ஞானத்தில் ஊர்ப் பெண்களுக்கு என்ன வேலை?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். சேர்க்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஒரு குமாஸ்தாவாக இருந்தவன் என்கிற முறையில் அதற்குக் காரணம் சொல்கிறேன்.

படிவம் எப்போதும் மேலிடத்திலிருந்துதான் வரும். அதை நிரப்ப வருகிறவர்களை யாரும் கேட்டு அச்சடிப்பதில்லை. வந்தவர் நம் மேஜைக்கு எதிரே நின்று தன் கதையைச் சொல்வார். அதில் கட்டத்துக்குள் அடங்குவதை எழுதிக்கொள்வோம். அடங்காததை 'இதர' என்ற பத்தியில் தள்ளுவோம், அல்லது விட்டுவிடுவோம். படிவம் கேட்காத விஷயம் அரசாங்கத்தைப் பொறுத்தவரை நடக்காத விஷயம்.

அமெரிக்க இறப்புச் சான்றிதழின் மாதிரிப் படிவத்தில், இறந்த பெண் கர்ப்பமாக இருந்தாரா, அண்மையில் பிரசவித்தவரா என்று கேட்கும் கட்டமே 2003-இல்தான் சேர்ந்தது. நல்ல காரியம். ஆனால் 'வலிக்கிறது என்று அவர் சொன்னபோது யாராவது காதில் வாங்கினார்களா?' என்று கேட்க அதில் கட்டம் இல்லை.

அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதற்கு டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் ஒருவரே போதும். 2017-இல் அறுவைச் சிகிச்சையில் குழந்தை பெற்ற மறுநாள் அவருக்கு மூச்சுத் திணறியது. ஏற்கெனவே நுரையீரலில் இரத்தம் உறைந்து அவதிப்பட்டவர், ஆகவே ஸ்கேன் எடுங்கள் என்று அவரே கேட்டார். வலி மருந்தின் மயக்கத்தில் பேசுகிறார் என்று செவிலியர் நினைத்தாராம். விடாமல் கேட்டதால் ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலில் இரத்தக் கட்டிகள் இருந்தன. உலகமே அறிந்தவருக்கு இந்தக் கதி என்றால், பெயர் தெரியாத பெண்ணின் பேச்சு எங்கே எடுபடும்?

மருத்துவர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்லவில்லை. கலிஃபோர்னியாவில் 2006 முதல் மருத்துவமனைகள் ஒன்றுகூடி, பிரசவ இரத்தப்போக்குக்கும் இரத்தக் கொதிப்புக்கும் ஒழுங்கான நடைமுறை வகுத்தன. ஏழெட்டு ஆண்டுகளில் தாய் இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. பெரிய சாதனை. ஆனாலும் கறுப்பினத் தாய்க்கும் வெள்ளையினத் தாய்க்கும் நடுவே இருந்த இடைவெளி மூடவில்லை. மீதியை மூட மருந்து மட்டும் போதாது, நம்பிக்கையும் வேண்டும்.

அந்த நம்பிக்கை எளிதில் வராது. பெண்களுக்கான அறுவை மருத்துவத்தின் தந்தை எனப்பட்ட மேரியன் சிம்ஸ், 1840-களில் அலபாமாவில் அடிமைப் பெண்களை மயக்க மருந்து இல்லாமல் அறுத்துத்தான் தன் முறையைக் கண்டுபிடித்தார். நியூயார்க் பூங்காவிலிருந்த அவர் சிலையை 2018-இல்தான் அகற்றினார்கள். டஸ்கிகீ என்ற ஊரில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் கண்ட கறுப்பின ஆண்களுக்கு மருந்து கொடுக்காமல் நோய் எப்படி முற்றுகிறது என்று அரசாங்கமே வேடிக்கை பார்த்தது. அந்த வீட்டுப் பெண்களின் பேத்திகளிடம் போய், 'ஆராய்ச்சிக்கு வந்திருக்கிறோம், கையெழுத்துப் போடுங்கள்' என்றால் கதவைச் சாத்தத்தானே செய்வார்கள்?

இப்போது சிலர் வேறு வழியில் போகிறார்கள். கேரன் ஸ்காட் என்ற கறுப்பின மருத்துவர், கறுப்பினத் தாய்மாரோடும் அவர்களுடைய அமைப்புகளோடும் உட்கார்ந்து ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார். உன்னை மனுஷியாக நடத்தினார்களா, துணைக்கு வந்தவர்களைக் கூட இருக்க விட்டார்களா, இனத்தின் பேரில் பாகுபாடு காட்டினார்களா என்பவற்றை அளப்பது அது. இதுவரை 'இதர'வில் கிடந்த விஷயத்துக்கு அந்தப் பெண்களே கட்டம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த என் வயதுக்காரர்கள் ஒன்று கேட்கலாம்: "எகாலித்தே என்று படித்தோமே, இனத்தை ஏன் எழுத வேண்டும்?" பிரான்சில் 1978-ஆம் ஆண்டுச் சட்டம், சில விலக்குகள் தவிர, ஒருவரின் இனத்தைப் பதிவு செய்ய விடுவதில்லை. அந்தக் கொள்கையின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தாய் பிறந்த நாட்டை எழுதுகிறார்கள். அதைப் பார்த்தால், சஹாராவுக்குத் தெற்கே பிறந்து பிரான்சில் வாழும் பெண்கள் இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பேறுகாலத்தில் இறக்கிறார்கள். அங்கேயே பிறந்த அவர்களுடைய மகள்களின் நிலை என்ன? கட்டம் இல்லை, ஆகவே கணக்கும் இல்லை. எழுதாமல் விட்டால் சமத்துவம் வந்துவிடாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கூட்டாளி என்று பெயர் சூட்டி, கூட்டத்துக்கு அழைத்து, காப்பி கொடுத்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி அனுப்புவது எந்த அலுவலகத்துக்கும் கைவந்த கலை. அது கூட்டு அல்ல. என்ன கேள்வி கேட்பது என்று முடிவு செய்யும்போதே அந்தப் பெண்கள் இருக்க வேண்டும். ஆராய்ச்சிப் பணத்தில் அவர்களுடைய உழைப்புக்குக் கூலி வேண்டும். கண்டுபிடித்ததை முதலில் அவர்களிடம் வந்து சொல்ல வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும், அது பழைய படிவத்துக்குப் புதிய அட்டை போட்டதுதான்.

இரத்தக் கொதிப்பு எவ்வளவு என்று மருத்துவர் சொல்லட்டும். தலைவலியோடு வீடு திரும்பியவள் ஏன் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்பதை அவள்தான் சொல்ல முடியும். அவள் உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.