நீச்சல் தெரிந்தால் மட்டும் போதுமா?

ஆற்றில் ஒருவர் மூழ்குகிறார். கரையில் இருப்பவர்கள் கூச்சல் போடுகிறார்கள். நீச்சல் தெரிந்த இளைஞர் ஒருவர் சட்டென்று குதிக்கிறார். மூழ்குகிறவர் அவருடைய கழுத்தை இறுகக் கட்டிக்கொள்கிறார். இருவருமே தண்ணீருக்குள் போய்விடுகிறார்கள்.

நாம் அடிக்கடி கேள்விப்படும் செய்தி இது. குதித்தவருக்குத் துணிச்சல் இருந்தது. நீச்சலும் தெரிந்தது. பயிற்சிதான் இல்லை!

தென்பெண்ணைக் கரையில்

கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவிலூர், தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது. ஆற்றுக்குள் கபிலர் குன்று நிற்கிறது. கோடையில் ஆற்றில் மணல்தான் தெரியும். மழைக் காலத்தில் அதே ஆறு ஆளை விழுங்கும்.

2024-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி என்ன நடந்தது? பெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணை நிரம்பியது. வினாடிக்கு 1½ லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணை கரை புரண்டு ஓடியது.

வெள்ளம் வந்தால்தான் ஆபத்து என்பது இல்லை. தை மாதம் 5-ந் தேதி ஆற்றுத் திருவிழா. பக்கத்து மணலூர்ப்பேட்டையில் பல ஊர்ச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும். பெரியவர்களும் பிள்ளைகளும் ஆற்றில் இறங்குவார்கள். தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருந்தால் மேலே தெரியாது. ஓர் அடி தள்ளிக் கால் வைத்தால் ஆள் மட்டத்துக்கு மேல் ஆழம் இருக்கலாம்.

உலகில் 2021-ம் ஆண்டில் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். இது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களில் பெரும் பகுதியினர் குழந்தைகளும் இளைஞர்களும்தான்.

முதுகில் காற்று

இப்படி மூழ்கியவர்களைத் தேட, தண்ணீருக்கு அடியில் போகும் வீரர்கள் இருக்கிறார்கள். "ஸ்கூபா" வீரர்கள் என்று பெயர். முதுகில் காற்று அடைத்த உருளையைக் கட்டிக்கொண்டு, குழாய் வழியாக மூச்சு விடுவார்கள். இன்று வழங்கும் கருவிக்கு 1943-ல் பிரான்சு நாட்டில் வழி கண்டார்கள்.

முதுகில் காற்று இருந்தால் யாரும் இறங்கலாமா? கூடாது! 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு ஆகிவிடும். உருளையில் உள்ள காற்றும் இரு மடங்கு வேகத்தில் தீரும். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழிந்துவிடும். ஆகவே, படிப்படியாகத்தான் கற்றுத் தருவார்கள்.

முதலில் 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும். 10 நிமிடம் மிதக்க வேண்டும். பிறகு 18 மீட்டர் ஆழம். அதன் பிறகு 30 மீட்டர். முதல் உதவியும் தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகுதான் மீட்புப் பயிற்சி!

முதல் பாடம்

மீட்புப் பயிற்சியின் முதல் பாடம் என்ன தெரியுமா? "முதலில் உன்னைக் காப்பாற்றிக்கொள்" என்பதுதான்.

தவிப்பவர் அருகே நேராகப் போகக்கூடாது. மிதவையை நீட்ட வேண்டும். அவர் பிடித்தால் பின்பக்கமாக அணுக வேண்டும். ஆற்றில் சேறு கலங்கினால் கண் தெரியாது. கையால் தடவித்தான் தேட வேண்டும். இடுப்பில் கயிறு இருக்கும். கரையில் உள்ளவர் அதைப் பிடித்திருப்பார். கயிற்றை இழுப்பதுதான் அவர்கள் பேசும் மொழி.

2018-ல் தாய்லாந்துக் குகையில் 12 சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் வெள்ளத்தில் சிக்கினார்கள். 13 பேரையும் மீட்டார்கள். ஆனால், காற்று உருளைகளை எடுத்துச் சென்ற சமன் குணான் என்ற முன்னாள் கடற்படை வீரர் இறந்துபோனார். பயிற்சி பெற்றவருக்கே இந்தக் கதி என்றால், மற்றவர் எம்மாத்திரம்?

சில நிமிடங்கள்

தேசிய பேரிடர் மீட்புப் படையினர் அரக்கோணத்தில் இருக்கிறார்கள். திறமைசாலிகள். ஆனால் அங்கிருந்து திருக்கோவிலூர் வரச் சில மணி நேரம் ஆகும். மூழ்கியவரின் மூளையோ, பிராண வாயு இல்லாமல் சில நிமிடங்களே தாங்கும். தூரத்தில் இருந்து வருகிறவர்கள் பல சமயம் உடலைத்தான் எடுக்க முடிகிறது.

ஆகவே, உயிரைக் காப்பது கரையில் இருப்பவர்கள் கையில் இருக்கிறது. புதுச்சேரியில் ஸ்கூபா பள்ளிகள் உள்ளன. ஆற்றங்கரை ஊர் ஒவ்வொன்றிலும் நன்றாக நீந்தும் இளைஞர்கள் சிலரைத் தேர்ந்தெடுத்து, தீயணைப்பு நிலையத்தின் துணையோடு பயிற்சி கொடுத்தால் என்ன? கயிறும் மிதவையும் வாங்கப் பெரிய செலவு ஆகாது.

அதுவரை நாம் செய்யக்கூடியது என்ன? குதிக்காதீர்கள். கயிறு, சேலை, நீண்ட கழி எதையாவது நீட்டுங்கள். காலி பிளாஸ்டிக் குடத்தை வீசுங்கள். 112 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கரை சேர்த்தவருக்கு மூச்சு இல்லை என்றால், முதலில் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவே 30 முறை அழுத்துங்கள், 2 முறை ஊதுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை இப்படியே செய்யுங்கள். வயிற்றை அமுக்குவதும், தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் தவறு.

அடுத்த தை மாதம் பிள்ளைகளை ஆற்றுக்கு அழைத்துப் போகும்போது, பலகாரப் பையோடு ஒரு நீளக் கயிற்றையும் எடுத்துச் செல்லுங்கள்!