கோப்பியில் கழுவினாலும் வெள்ளி வெள்ளிதான்

கோப்பித்தூள், சலவைச் சோடா, விற்றமின் சி இருந்தால் பிலிம் கழுவலாம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1995இல் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஸ்கொட் வில்லியம்ஸும் மாணவர்களும் கோப்பியையே டெவலப்பராக்கிக் காட்டினர். படத்தை வெளிக்கொணர்வது கஃபேன் அல்ல, கஃபேயிக் அமிலம் போன்ற பீனோல்கள். ஆனால் 'தாவரத்திலிருந்து வந்தது, ஆகவே தீங்கில்லை, கழிவை முற்றத்தில் ஊற்றலாம்' என்ற வாதத்தை ஏற்கவே முடியாது. 19ஆம் நூற்றாண்டுப் படப்பிடிப்பாளர்கள் பாவித்த பைரோகலோலும் தாவரங்கள் தரும் காலிக் அமிலத்தைச் சூடாக்கிப் பெற்றதுதான், அது நஞ்சு.

அதைவிடப் பெரிய பிழை, படத்தை நிலைநிறுத்தும் பிக்சரை மறந்தது. டெவலப்பர் எதுவானாலும் ஒளிபடாத வெள்ளி உப்பைக் கரைத்தெடுக்கப் பிக்சரிலுள்ள தயோசல்பேற்று வேண்டும். கரைந்த வெள்ளி அந்தக் கழிவில்தான் நிற்கிறது. இலங்கையின் கிழக்கில் கல்முனையும் சாய்ந்தமருதும் மருதமுனையும் கடலோர மணல் நிலம். அங்கே முற்றத்தில் ஊற்றியது கிணற்றுக்கு இறங்க அதிக நேரம் எடுக்காது. ஒரு சுருளுக்குக் கொஞ்சம்தானே என்பார்கள். உண்மைதான், ஆனால் பாடசாலைதோறும் கோப்பியில் பிலிம் கழுவப் பழக்கலாம் என்பவர்கள் எல்லாச் சுருள்களையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும். பாவித்த பிக்சரைப் போத்தலில் சேர்த்து, மெல்லிய இரும்பு நாரைப் போட்டு வையுங்கள்: இரும்பு கரையக் கரைய, வெள்ளி கறுப்புச் சேறாக அடியில் படியும். செய்முறைக் குறிப்பில் கோப்பியின் அளவுக்கு முன்னால் எழுதவேண்டியது இதைத்தான்.